இரண்டாம் எண் விளக்கு

டிக்கெட் அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. பேருந்து நிலையத்தில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து இருபத்தெட்டு வருடம் டிக்கெட் கொடுத்தவள். ரிட்டயர் ஆனால் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்திருந்தாள். உட்கார விட்டால்தானே? மூன்றாம் மாதமே வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்தார். அதற்கப்புறம் எட்டு மாதமாகப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது, ஊட்டிவிடுவது, துணி அலசுவது. அவளுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே வலியில்தான் தெரிந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் அவரை எல்லோரும் ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். டிவியில் எது ஓடினாலும் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். பழைய தபால் ஆபீஸ் தொடரில் முப்பத்தொன்றாம் எபிசோடுதான் உச்சம் என்பார். போஸ்ட்மாஸ்டர் தவறுதலாகப் பிரித்த கடிதத்தைப் படித்துவிட்டு, திரும்ப ஒட்டி, உரியவளிடம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளை மிதிக்கிற எபிசோடு. "அங்கேயே முடிச்சிருக்கணும். அதுக்கப்புறம் ஜவ்வா இழுத்துட்டானுங்க."

லீவு நாள் தவறாமல் போடுகிற படம் ஒன்று உண்டு. ஓடிப்போன அப்பா இருபது வருடம் கழித்துப் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நிற்பார். குடும்பமே ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கும். டிக்கெட் அக்கா வருடாவருடம் மூக்கைச் சிந்துவாள். ஜட்ஜுக்குப் பற்றிக்கொண்டு வரும். "தனியாக் கெடந்து மாரடிச்சவ ஒரு கேள்வி கேக்க மாட்டாளா? என்னை இதுல சேக்காதீங்க!" என்று பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போய்விடுவார்.

பட்டன் என்றது சும்மா இல்லை. யார் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற கம்பெனி ஒன்று அவர்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்திருந்தது. அதற்குத் தனி ரிமோட். அவள் ஒன்று, அவர் இரண்டு. பார்க்க உட்கார்ந்தால் தன் எண்ணை அழுத்த வேண்டும், விளக்கு எரியும். எழுந்தால் மறுபடி அழுத்தி அணைக்க வேண்டும்.

அவர் படுத்த பிறகும் தினமும் காலையில் கட்டிலுக்கு எதிரே டிவியைப் போட்டு, இரண்டை அழுத்திவிட்டுத்தான் டிக்கெட் அக்கா அடுத்த வேலைக்குப் போவாள். கீழே விழுந்து உடைந்துவிடக் கூடாது என்று ரிமோட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவாள். மகன் போனில், "அவருக்கு ஒண்ணும் புரியாதும்மா, நீ ஏன் கெடந்து கஷ்டப்படுற?" என்பான். டாக்டரும் உதட்டைப் பிதுக்கினார். அவளுக்கே பல நாள் சந்தேகம்தான். முகத்தில் ஒன்றும் தெரியாது. இடது கைவிரல் மட்டும் எப்போதாவது போர்வையை நோண்டும்.

ஒரு லீவு நாள் மத்தியானம் பெட்டிக்காரர் ஃபைலோடு வந்தார். கம்பெனியில் பெட்டிகளைச் சரிபார்க்கிறவர். லீவு நாளில்தான் வீட்டில் ஆள் இருப்பார்களாம்.

"அக்கா, எட்டு மாசமா ரெண்டாம் நம்பர் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அணையவே இல்ல. சமையல், செய்தி, கார்ட்டூன் எல்லாத்தையும் ஒருத்தர் பாப்பாரா?" என்றவர், கட்டிலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஐயாவால பாக்க முடியாதுன்னா ரெண்டாம் நம்பரை எடுத்துரணும்கா. கம்பெனி ரூல்."

"பாக்குறாரு" என்றாள் அவள்.

"எப்படிக்கா தெரியும்?"

எடுத்துவிட்டால் விட்டது தொல்லை என்று அவளுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. மகன் சொல்லிவிட்டான், டாக்டர் சொல்லிவிட்டார், இனி இந்தப் பெட்டியும் சொல்லிவிட்டால் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

பெட்டிக்காரர் மேல்தட்டிலிருந்து ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு பட்டனையும் இரண்டு தடவை அழுத்திச் சரிபார்த்தார். ஃபாரம் எழுதக் கை வேண்டுமென்று அதைக் கட்டிலிலேயே வைத்தார். டிவியில் அதே படம். அப்பா பெட்டியும் கையுமாக வாசலில் நின்றார்.

'டிக்' என்று சத்தம் கேட்டது. இரண்டாம் எண் விளக்கு அணைந்தது.

ரிமோட் மேல் அவருடைய இடது கை இருந்தது.

"தெரியாம பட்டிருக்கும்கா" என்றார் பெட்டிக்காரர்.

டிக்கெட் அக்கா குனிந்து இரண்டை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. டிவியில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த விரல் மெதுவாக நகர்ந்து பட்டனைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தியது. விளக்கு அணைந்தது.

பெட்டிக்காரர் ஃபாரத்தை அப்படியே மடித்து ஃபைலில் வைத்தார். "இருக்கட்டும்கா, ரெண்டாம் நம்பர் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவள் கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"கேள்வி கேக்க மாட்டாளான்னு கேப்பீங்களே, இப்ப நான் கேக்குறேன். எல்லாம் புரிஞ்சுக்கிட்டா படுத்திருந்தீங்க? கண்ட கண்றாவியெல்லாம் உங்க கணக்குல ஓடுச்சே! எட்டு மாசமா ஒரு தடவையாவது இதை அமுக்கியிருக்கக் கூடாதா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அலமாரியின் மேல்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.