கூழுக்குள் போட்ட காந்தம்

விருதுநகர் மிளகாய் மண்டியில் கொடுத்த மாதக் காலண்டர் ஆடி பிறப்பதற்குள் மஞ்சளாகப் பழுத்துவிட்டது. மனைவி வெயிலைத் திட்டினாள். எனக்கு அந்த மஞ்சளைக் கண்டால் வேறொரு ஆள்மேல்தான் பற்றிக்கொண்டு வரும்.

சாத்தூர் பக்கம் ஒரு காகித ஆலையில் லேபில் வேலை பார்த்தேன். அவித்த முட்டைக்கோஸ் வாடை சட்டையில் ஏறி, பஸ்ஸில் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே வரும். மரத்தோடு வந்த இரும்பும் மாங்கனீசும் காகிதத்துக்கான மரக்கூழில் கரைந்து கிடக்கும். வெளுக்க ஊற்றும் பெராக்சைடை அவை வீணடித்துவிடும். அதனால் கூழை முதலில் ஒரு மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, உலோகத்தைப் பிடித்துக்கொண்ட அந்தத் தண்ணீரைப் பிழிந்து கொட்டுவோம். இதற்குப் பொறுப்பு எங்கள் கெமிஸ்ட் முருகேஸ்வரி அக்கா.

முதலாளியின் மருமகன் பட்டாசுக் கம்பெனியிலிருந்து மேனேஜராக வந்தார். ரப்பர் ஸ்டாம்புக்கு இருக்கும் அறிவுகூடக் கிடையாது.

"சீசன் ஆர்டரு நிக்கிது. இரும்புதானலே, காந்தம் வச்சா ஒட்டிக்கிட்டு வந்துரப்போகுது. இதுக்குப் போயி ஊறப் போடுவாகளா?" என்று என்னிடம் கேட்டார்.

"தண்ணியில கரைஞ்ச உப்பக் காந்தம் வச்சு எடுப்பீகளா சார்?" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்த ஆள் சிரிக்கவில்லை.

காந்தம் வந்தது. குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கூழுக்குள் இறக்கினார்கள். நாலு ஆணி ஒட்டியது. மேனேஜர் அதை ஊரெல்லாம் காட்டினார். மருந்தை நிறுத்தினார். பெராக்சைடு நுரைத்து அடங்கியது, கூழ் வெளுக்கவில்லை. சிவகாசி காலண்டர் அச்சகம் லோடை அப்படியே திருப்பி அனுப்பியது.

என்னைத்தான் கூப்பிட்டார். "மருந்து ஊத்தாம விட்டது அந்தம்மான்னு எழுதிக் குடு. இல்லைன்னா நீயும் கிளம்பு."

எழுதிக் கொடுத்தேன். அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். அந்த ஆளை வெறுப்பதில் பாதியை என் கைக்கும் பங்கு வைக்க வேண்டும்.

மேனேஜர் நீட்டிய தாளை அக்கா வாசித்தார். "நீ எழுதுனதா?"

தலையாட்டினேன். டிபன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று அங்கே கல்யாண மண்டபம். ஆலை இல்லை, அந்த வாடை இல்லை. மேனேஜரும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க நான் போகவில்லை. அந்தத் தாளில் இருந்தது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டியவர்களில் இனி நான் ஒருவன்தான் மிச்சம். அக்கா எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.