சூசைதாசன் அண்ணையை யாரும் விசாரிக்கவில்லை

லண்டன் மனோர் பார்க்கில் பஸ்ஸுக்கு நின்றபோது சூசைதாசன் அண்ணையின் மனைவி, அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, இவர் எழும்பேல்லை" என்றார். அண்ணை நித்திரையிலேயே போய்விட்டார்.

உங்களில் பலருக்கு அவர் எங்கள் டிப்போவைச் சிரிக்கவைத்த பஸ் ஓட்டுநர். பங்குக் கோயில் பாட்டுக்குழுவில் பிந்தித் தொடங்கி முந்தி முடிக்கும் குரல். எனக்கு நினைவில் நிற்பது கடைசி வருடத்து மனிதர். அமெரிக்காவில் இருக்கும் மகள் றீற்றாவின் கணவர், பக்கத்து வீட்டில் திருட்டு நடந்ததும் கைத்துப்பாக்கி வாங்கப்போவதாகச் சொன்னார். அந்த வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள். அதோடு அண்ணையின் சிரிப்பு நின்றது.

இங்கே இங்கிலாந்தில் வேட்டைத் துப்பாக்கிக்கே பொலிஸ் வீடு தேடி வந்து விசாரிக்கும். அங்கேயும் அப்படித்தான் என்று அவர் நம்பினார். "பொம்பிளை குடுக்கிறதுக்கே ஊரெல்லாம் விசாரிக்கிறம். துவக்குக் குடுக்க முந்தி மாமனாரிட்ட ஒரு சொல்லுக் கேக்க மாட்டினமே? கேக்கட்டும், குடுக்க வேண்டாம் எண்டு சொல்லுறன்" என்றார் கன்டீனில். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், அந்த விசாரணையோ என்று ஷிப்ட் முடிந்ததும் திருப்பி எடுப்பார். அநேகமாக ஏதாவது விற்கிறவர்கள்தான். அவர்களிடமும் மருமகனைப் பற்றிச் சொல்லியிருப்பார் என்று நான் பகிடி பண்ணினேன்.

ஒருவரும் விசாரிக்கவில்லை. மருமகன் கடைக்குப் போய் வாங்கிவந்துவிட்டார். பிறகுதான் அண்ணை அரிச்சுவடியிலிருந்து படிக்கத் தொடங்கினார். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஓரிடத்தில் வாங்கவே அனுமதி வேண்டும். இன்னோரிடத்தில் மறைத்துக் கொண்டு திரிவதற்கு மட்டும் வேண்டும். றீற்றாவின் மாநிலத்தில் இரண்டுக்கும் வேண்டாம், கடையில் குற்றப் பின்னணி பார்த்தால் சரி. ஒரு மாநிலத்து அனுமதி அடுத்ததில் செல்லாமலும் போகலாம். "விளங்கினால் பயம் குறையும் எண்டு படிச்சன், தம்பி. விளங்க விளங்கக் கூடுது" என்றார். நான் அதற்குப் பகிடி பண்ணவில்லை.

கடைசியாக மருமகனிடம் போனில் ஒன்றை மட்டும் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். "தம்பி, அதைப் பூட்டியெண்டாலும் வைக்க ஏலாதே?"

மருமகன் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "மாமா, இங்க அப்பிடிச் சட்டம் இல்லை. பூட்டி வைச்சால் அவசரத்துக்கு உதவாது."

"சட்டம் இல்லாட்டி என்ன, வீட்டில பிள்ளை இருக்கெல்லோ?" என்றார் அண்ணை.

அடக்கத்துக்கு றீற்றா மகளோடு வந்தாள். கேட்கக்கூடாத இடம்தான், ஆனாலும் துவக்கு எங்கே இருக்கிறதென்று கேட்டேன்.

"கட்டிலுக்குப் பக்கத்து மேசை லாச்சியிலதான் பூட்டாமல் இருக்கு, அங்கிள். நானும் சொல்லிப் பாத்திட்டன்" என்றாள். குழந்தை அவளுடைய கைப்பையைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பயம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாளை றீற்றா பிள்ளையோடு விமானம் ஏறுகிறாள்.