ஆக்லாந்தில் பகல் இரண்டு, லாஸ் ஏஞ்சல்ஸில் காலை ஏழு

ஆலத்தியூரிலிருந்து இருபத்தாறு வருஷமாகச் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர் மணிவேல். எந்த ஊரைச் சொன்னாலும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று யோசிக்காமல் சொல்வார். லோடோடு பாலக்காடு என்றால் பதினோரு மணி நேரம். மழை பெய்தால் ஒன்று கூடும். அப்படிப்பட்டவர் மகளின் விமான டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பிப் போனார்.

மகள் அனிதா நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்தில் நர்ஸ். அமெரிக்காவில் வேலை பார்க்கும் கணவனிடம் போகிறாள். டிக்கெட்டை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஆக்லாந்தில் புறப்பாடு. அதே சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ்.

மணிவேல் உடனே போன் போட்டார். "உன்ன எவனோ ஏமாத்திட்டான்மா. கெளம்புறதுக்கு முன்னாடியே எப்படிப் போய்ச் சேருவ? ஏர்போர்ட்டுக்குப் போவாத."

"டிக்கெட் சரியாத்தாம்ப்பா இருக்கு. நடுக் கடல்ல தேதிக் கோடு இருக்கு. அதத் தாண்டுனா ஒரு நாள் பின்னால போயிரும்."

"நாளு எப்படிப் பின்னால போவும்? ரிவர்ஸ் கியரா போடுறாங்க?"

"உங்களுக்குப் புரியாதுப்பா, வுடுங்க." வைத்துவிட்டாள். அந்தச் சொல் அவரைக் குத்தியது.

மறுநாள் அரியலூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனார். அங்கே வேலை பார்க்கும் ஜெயசித்ரா படம் போட்டு விளக்கினாள். தலையாட்டினார், ஒன்றும் பிடிபடவில்லை.

"தூரம் எவ்வளவும்மா?"

"பத்தாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் கிட்ட வரும் சார். பன்னெண்டு மணி நேரம்."

அது புரிந்தது. "நம்ம ஊரு நேரத்துல சொல்லேன்."

"காலைல ஏழரைக்குக் கெளம்பி சாயங்காலம் ஏழரைக்கு எறங்குவாங்க. டிக்கெட்டு நல்ல டிக்கெட்டுதான், பயப்படாதீங்க."

சனிக்கிழமை அவருக்குப் பாலக்காட்டு லோடு. விடியற்காலையே கிளம்பவேண்டியவர் ஏழரை வரை காத்திருந்து வண்டியை எடுத்தார். மகள் அங்கே பறக்கும் நேரமெல்லாம் தானும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. கரூரில் சாப்பிடும்போது, பாதிக் கடலைத் தாண்டியிருப்பாள் என்று நினைத்தார். அப்படியென்றால் அவளுக்கு இப்போது என்ன கிழமை? யோசித்துக்கொண்டே ஓட்டியதில், பல்லடத்தில் திரும்பவேண்டிய இடத்தைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போய்விட்டார். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

பாலக்காட்டில் இறக்குவதற்கு வரிசையில் நின்றபோது ஏழரை ஆனது. போன் வரவில்லை. எட்டே கால் மணிக்கு அடித்தது.

"அப்பா, வந்துட்டேன்."

"ஒடம்பு நல்லாருக்காம்மா?"

"காலெல்லாம் வீங்கிக் கெடக்குப்பா. காலைல சனிக்கிழமன்னு எந்திரிச்சேன். இங்க வந்தா மறுபடியும் சனிக்கிழம காலைங்குறாங்க. எனக்கே தல சுத்துது. அன்னிக்கு நான் அப்படிப் பேசிருக்கக் கூடாதுப்பா."

"அத வுடு. சாப்பிட்டுப் படுத்துத் தூங்கு."

"இப்பத் தூங்கக் கூடாதாம்ப்பா. இந்தப் பகல் பூராவும் முழிச்சிருக்கணுமாம், அப்பத்தான் ராத்திரி தூக்கம் வருமாம்."

அவளுக்கும் குழப்பம்தான் என்பதில் அவருக்கு என்னவோ ஒரு நிம்மதி. வீட்டுக்குப் போன் செய்து மனைவி சம்பூர்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம புள்ளைக்கு ஒரு நாளு கூடக் கெடச்சுதா, கொறஞ்சு போச்சா?" என்றாள்.

மணிவேல் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். முதலில் ஒரு நாள் கூடியது; திரும்ப எண்ணினால் குறைந்தது.

"கேட்டுச் சொல்றேன்" என்றார். முன்னால் நின்ற லாரி நகர்ந்தது.