அம்ப் வேண்டாம், அறை வேண்டும்

தம்பி கட்டாரிலிருந்து அனுப்பிய ஹெட்போன் வீட்டுக்கு வந்த அன்றே அதில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் என் கணவர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பெரிய சாமான் புள்ள. அம்ப் இல்லாமப் போட்டா காதுக்குள்ள நுளம்பு பாடுற மாதிரித்தான் கேக்கும்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். காத்தான்குடியில் கல்யாணம், கூட்டம் எதுவென்றாலும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். அம்ப்ளிஃபயர் இல்லாமலும் உலகத்தில் ஒரு சத்தம் பிறக்கலாம் என்பதை அவர் மனது லேசில் ஒப்புக்கொள்ளாது.

ஹெட்போன் கேட்டது நான். பாட்டுக் கேட்க இல்லை. கொழும்பில் ஒரு பெண்மணி புத்தகங்களை வாசிக்கவைத்து ஒலிப்புத்தகமாக வெளியிடுகிறார். பதிவில் வரும் எச்சில் சத்தம், தாள் புரளும் சத்தம், கதிரை கிறீச்சிடுவது எல்லாவற்றையும் தேடிப்பிடித்து நீக்க அவருக்கு ஆள் வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். முதலில் ஒரு அத்தியாயத்தைச் சோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னார். தேறினால் வேலை எனக்கு. பட்டப்படிப்பு முடித்த நாளிலிருந்து வேலை, வேலை என்று அலைந்து அலுத்துப்போனவள் நான். இது எனக்கு வேண்டும். வேறு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

ஹெட்போனை மடிக்கணினியில் செருகினேன். சத்தத்தைப் பாதிக்குச் சற்று மேலே வைத்ததும் வாசிப்பவரின் குரல் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. "எனக்கு இது போதும்" என்றேன்.

யார் கேட்டார்கள்? தம்பிக்கு வீடியோ அழைப்புப் போனது. அவன் அங்கே ஏதேதோ பார்த்து ஆராய்ந்து வைத்திருந்தான். "ராத்தா, அதுக்குத் தனியா ஒரு அம்ப் வேணும். அப்பதான் அதுட உண்மையான குரல் வெளிய வரும்" என்றான். மச்சானும் மச்சினனும் வேறு எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்க்கவில்லை.

தன் வார்த்தையை நிரூபிக்க என் கணவர் வாடகைக்குக் கொடுக்கும் ஒலி மிக்சரைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். ஹெட்போனை அதில் செருகி, குமிழைத் திருகி, என் தலையில் மாட்டினார். "எப்பிடி?" என்றார்.

பிரமாதமாக இருந்தது. இருக்காதா பின்னே, அவ்வளவு கூட்டி வைத்திருந்தார். சத்தத்தைக் கூட்டினால் எதுவும் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் கேட்கும். அவர் தொழிலே அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. நான் குமிழைக் குறைத்து, மடிக்கணினியில் கேட்ட அளவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு அவரைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, ஒரே வரியை இதிலும் அதிலும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

"இதுதான் அம்ப்" என்று அடித்துச் சொன்னார். அது மடிக்கணினி. திரும்பவும் போட்டேன். திரும்பவும் பிழை. மூன்றாம் முறை சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"மிக்சர்ல உள்ள அம்ப் தரமில்ல புள்ள. இதுக்கெண்டே செஞ்சது வேற இரிக்கி."

இவரோடு என்ன பேச?

அம்ப் என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சில ஹெட்போன்களுக்கு வலு வேண்டும். போனில் செருகினால் முக்கி முனகும். முழுக்கக் கூட்டியும் சத்தம் போதவில்லையா, வாங்குங்கள். செருகியதும் பின்னால் ஒரு இரைச்சல் ஓடுகிறதா, அதற்கும் வாங்குங்கள். பாதியில் வைத்தே தெளிவாகக் கேட்கும்போது எதற்கு? விலை கூடிய சாமானுக்குத் துணையாக இன்னொரு விலை கூடிய சாமான் வந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

அந்தத் திமிரோடுதான் முதல் அத்தியாயத்தைச் செய்து அனுப்பினேன். திரும்பி வந்தது. நாலைந்து இடங்களில் கதிரைச் சத்தம், ஒரு இடத்தில் தெளிவான இருமல், எல்லாம் அப்படியே இருக்கின்றன என்றார் அந்தப் பெண்மணி. இன்னொரு அத்தியாயம் தருகிறேன், அதையும் இப்படிச் செய்தால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்றார். எனக்கு அழுகை வந்தது.

"நான் சொன்னன்தானே" என்றார் என் கணவர். தம்பியோ, அம்ப் ஒன்றை உடனே ஆள் வசம் கொடுத்தனுப்புகிறேன் என்று துடித்தான். அவனுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தைத் திரும்பக் கேட்டேன். இருமல் பளிச்சென்று கேட்டது. அதே ஹெட்போன், அதே மடிக்கணினி, அதே அளவுச் சத்தம். அப்படியானால் அன்று ஏன் கேட்கவில்லை? யோசித்துப் பார்த்தேன். அன்று நடுவீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து வேலை செய்தேன். கல்யாண வாடகை ஒன்றுக்காக ஸ்பீக்கர் பெட்டிகளை அவருடைய ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். அடுப்படியில் என் உம்மா தேங்காய் துருவினார். தம்பி அனுப்பியதோ காதின் வெளிப்பக்கம் வலை போட்டுத் திறந்திருக்கும் வகை. வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும். மூடிய வகை வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆனால் கதவுள்ள அறை ஒன்று வீட்டிலேயே இருந்தது.

அந்த அறை நிறைய அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகளும் வயர்ச் சுருள்களும். நான் அதைத்தான் கேட்டேன்.

"அம்ப் வேணாம். எனக்கு அந்த அறை வேணும்."

அவர் சிரித்தார். "அம்ப்தான் வாங்கித் தாறமே. அறை என்னத்துக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடல் கடந்து ஒரு சாமானைக் கொண்டுவருவது இந்த ஆண்களுக்குச் சுலபம். நாலு பெட்டியை நகர்த்துவதுதான் கஷ்டம். சாமானைக் கொடுத்தால் அது அவர்கள் தந்ததாக இருக்கும். அறையைக் கொடுத்தால் நான் செய்வதும் ஒரு வேலைதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"இது என்ட வீடு" என்றேன்.

எங்கள் ஊரில் கல்யாணத்தோடு வீடு பெண்ணுக்கு எழுதப்படும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா குவைத்தில் உழைத்துக் கட்டிய இந்த வீடும் அப்படித்தான் என் பெயருக்கு வந்தது. ஆனால் அதை எந்தப் பெண்ணும் கணவனின் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சொன்னால் மனிதரைத் தெருவில் நிறுத்தியதுபோல.

அடுப்படியில் துருவல் சத்தம் நின்றது. "நாக்க அடக்கு புள்ள" என்று உம்மாவின் குரல் வந்தது.

அவர் முகம் கறுத்துப்போனது. அறையில் அடுக்கியிருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "நான் எங்க கொண்டு வெக்க? எங்கட உம்மாட வீடு இப்ப என்ட தங்கச்சிடதானே" என்றார்.

உண்மைதான், அவர் பிறந்த வீடு தங்கைக்குப் போய்விட்டது, புகுந்த வீடு என்னுடையது. இரக்கப்பட்டேன். சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. அவருடைய பெட்டிகளுக்கு இடமில்லாமல் போகக்கூடாது என்றால், எனக்கும் என் வேலைக்கும் மட்டும் இடமில்லாமல் போகலாமா?

"பின் விறாந்தையில வைங்க. மழை படாமப் படங்கு போட்டு மூடுவம்" என்று சொல்லிவிட்டு, முதல் பெட்டியை நானே இழுத்தேன். பாரம் என்றால் பாரம், இடுப்பு விட்டுப்போனது. பாதி வழியில் மறுபக்கம் லேசானது. நிமிர்ந்து பார்த்தால் அவர் பிடித்திருந்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் பிடித்திருந்தார்.

மறுநாள் காலையில் அந்த அறையில் மேசையைப் போட்டுக் கதவைச் சாத்தி, இரண்டாவது அத்தியாயத்தை ஓட்டினேன். சத்தத்தைப் பாதிக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. கதிரையின் கிறீச், தாள், மூச்சு, வாசித்தவரின் வயிறு பசியில் உறுமியதுகூடக் கேட்டது. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து வெட்டினேன். இந்த முறை தேறிவிடுவேன் என்று அந்தப் பெண்மணி சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பாதி அத்தியாயத்தில் கதவில் ஒரு சத்தம். பதிவில் உள்ளது என்று நினைத்துப் பின்னால் ஓட்டிக் கேட்டேன். அதில் இல்லை. வெளியே என் கணவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில், எனக்காக அவர் ஒரு கதவையும் தட்டியதில்லை.

"வேல நடக்குது, கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

பொறுத்தார்.