மீன் சுட்ட ராக்கெட் தகடு

ஹெர்லிந்தா கவாஸோஸ் ராக்கெட்டை ராக்கெட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. தொட்டி என்பார். "இன்னிக்கு மூணாவது தொட்டிக்கு மூடி போட்டாச்சு" என்பார். அவர் வாயில் அது சரியான சொல்தான். ஹாக்ஸ்லி ராக்கெட் கம்பெனி பாலோ செக்கோ கடற்கரையில் கொட்டகை போடுவதற்கு முன்பு, இருபத்தாறு வருஷம் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு வெல்டிங் வைத்தவர் அவர். பிரவுன்ஸ்வில்லிலிருந்து மேற்கே போனால் ஊருக்கொரு தொட்டி நிற்கும். அதில் பாதித் தொட்டிகளின் விளிம்பில் ஹெர்லிந்தா கயிறு கட்டித் தொங்கியிருக்கிறார்.

கம்பெனி முதலில் பெரிய படிப்பாளிகளை வைத்து, கார்பன் ஃபைபர் எனும் கரியிழையில் ராக்கெட் செய்யப் பார்த்தது. ஒன்றரை வருஷத்தில் ஒரு உருளை கூட முழுசாக வெளியே வரவில்லை. மேலே போவது பழைய கதை. போனது திரும்பி வந்து, காலூன்றி நின்று, மறுபடியும் பறக்க வேண்டும் என்பது இவர்கள் எண்ணம். அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. செய்து, பறக்கவிட்டு, உடைத்து, இன்னொன்று செய்துதான் தெரிந்துகொள்ள முடியும். அதற்கு மலிவாகவும் சீக்கிரமாகவும் உருளை வேண்டும். கடைசியில் யாருக்கோ உறைத்தது: வீடு அகலத்துக்கு எவர்சில்வர் உருளை செய்ய இந்த ஊரிலேயே ஆள் இருக்கிறதே என்று.

ஆள் எடுத்த அன்று நடந்ததை ஹெர்லிந்தா நடித்தே காட்டுவார்.

"விண்வெளித் துறையில அனுபவம் உண்டான்னு கேட்டான். நூத்தறுபது அடி உயரத்துல அனுபவம் உண்டு, அதுக்கு மேல உங்க பொறுப்புன்னேன்."

தொட்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண். ஒரு தையலை, அதாவது இரண்டு தகடு சேரும் வெல்டிங் கோட்டை, முடித்ததும் பக்கத்துத் தகட்டில் எண் பொறித்த உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. இருபது வருஷம் கழித்து ஒழுகினாலும் யார் கை என்று தெரியும். ஹெர்லிந்தாவின் எண் முப்பத்தேழு. கம்பெனிக்காரர்கள் இந்த எண்ணைக் கேட்கவே இல்லை. இவர்கள் பழக்கதோஷத்தில் ராக்கெட்டிலும் குத்திவிட்டார்கள். நன்றாயிருக்கிறதே என்று கம்பெனியும் எடுத்துக்கொண்டது. செய்த வேலைக்குக் கீழே தன் பெயரைப் போடும் துணிச்சல் எத்தனை மந்திரிகளுக்கு இருக்கிறது?

நான்காவது தொட்டி மார்ச் மாதத்தில் பறந்தது. ஐந்நூறு அடி ஏறி, பக்கவாட்டில் நகர்ந்து, நெருப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி மெல்ல இறங்கி, நான்கு காலில் நின்றது. ஊரே கடற்கரைச் சாலையில் கைதட்டியது. பதினோரு நிமிஷம் நின்றது. பிறகு ஒரு பக்கக் கால் உள்ளே போனது, தொட்டி சாய்ந்தது, வெடித்தது. துண்டுகள் சேற்றுவெளி முழுக்கச் சிதறின. நாரைகள் பறந்தன. யாருக்கும் அடியில்லை.

காரணம் வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு.

முதல் காரணம் மறுநாளே எதிர்வீட்டு எயுலாலியா சொன்னது. ஹெர்லிந்தாவின் மகளுக்கு ஞானத்தாய் அவர்; எங்கள் பக்கத்து வழக்கப்படி இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் அழைப்பார்கள்.

"மூணு தொட்டிக்கும் பாதிரியார் தண்ணி தெளிச்சாரு, கொமாத்ரே. நாலாவதுக்கு யாரும் கூப்பிடலை. அதான்."

"முதல் மூணும் வெடிச்சுதே."

"அது காத்துல வெடிச்சுது. இது தரைக்கு வந்து வெடிச்சுது. வித்தியாசம் இல்லையா?"

இரண்டாவது காரணம் இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனி உணவுக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. வலப்பக்கக் காலுக்கு மேலுள்ள தையல் பிரிந்தது, வெல்டிங் குறை, வெல்டர் எண் 37. விசாரணை முடியும்வரை பணியிடைநீக்கம். அன்று காலை ஹெர்லிந்தாவின் அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை.

வேலை போனால் வேறு வேலை என்று இதை விட்டுவிட முடியாது. விசாரணையில் குறை உறுதியானால் வெல்டிங் சான்றிதழே ரத்தாகும். அப்புறம் இந்தப் பள்ளத்தாக்கில் கோழிக்கூண்டுக்குக் கூட அவரை வெல்டிங் வைக்கக் கூப்பிட மாட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. அதற்குள் ஆறு நாள்.

"துண்டைக் காட்டுங்கன்னு கேட்டேன்" என்றார் என்னிடம். "அந்தத் துண்டு கிடைக்கலையாம். கேமரா படத்துல எந்த இடம்னு பாத்தாங்களாம், அந்த இடத்துல யார் வேலைன்னு ஏட்டுல பாத்தாங்களாம். அவ்வளவுதான்."

"துண்டையே பார்க்காமலா எழுதிட்டாங்க?"

"எழுதிட்டு, பெரிய எழுத்துல அடிச்சு ஒட்டிட்டாங்க."

நான் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன். பதினாறு வயதுப் பிள்ளை இப்படி ஒரு சோதனைக் குறிப்பு எழுதிக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எயுலாலியா சொன்னதும் பலகை சொன்னதும் ஒரே ரகம்: உடைந்ததைப் பார்க்காமலே உடைத்தது யார் என்று தீர்மானிப்பது. எயுலாலியாவாவது யார் வேலையையும் பறிக்கவில்லை. கணினியில் வரைந்தவனுக்குக் குறையே வராது, கையால் செய்தவளுக்குத்தான் வரும் என்று படித்தவர்கள் நம்புகிறார்களே, இந்த நம்பிக்கைக்கு எந்தக் கோயில் ஈடு?

ஞாயிற்றுக்கிழமை ஹெர்லிந்தாவைத் தேற்ற நசாரியோ கடைக்குக் கூட்டிப்போனோம். நசாரியோ அவருடைய மகளின் ஞானத்தகப்பன்; ஆண் என்பதால் கொம்பாத்ரே. கடற்கரைச் சாலையில் தூண்டில் இரை விற்கும் கொட்டகை வைத்திருக்கிறார்; ஞாயிறானால் மீனும் சுட்டுத் தருவார். அன்று கடை முன்னால் நல்ல கூட்டம். கல் அடுப்பின் மேல் ஒரு பெரிய தகடு, அதில் எட்டு மீன் ஒரே சமயத்தில்.

"மீன்கல்லு புதுசு போலிருக்கே" என்றேன்.

"ரெண்டு வாரமா வெச்சிருக்கேன். ஒட்டவே மாட்டேங்குது. லேசா வளைவு வேற, எண்ணெய் தானா நடுவுக்கு வருது. கடவுள் கொடுத்தது, சேத்துல குத்திக்கிட்டு நின்னுச்சு."

ஹெர்லிந்தா மீன் தட்டைக் கையில் வாங்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியை எடுத்து இரண்டு மீனை ஓரமாகத் தள்ளினார். கருகிய தோலைச் சுரண்டினார்.

"கொம்பாத்ரே, அடுப்பை அணைங்க."

"ஏன், மீன் வேகலையா?"

"என் மேல மீன் சுட்டுக்கிட்டிருக்கீங்க."

எண்ணெய்க்கு அடியில் தெளிவாக இருந்தது, முப்பத்தேழு.

கம்பெனியின் ஆட்கள் இரண்டு வாரம் சேற்றில் தேடிய துண்டு அவர்கள் தினமும் கடந்துபோகும் சாலையோரத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்தது. அவர்களில் இரண்டு பேர் அங்கே சாப்பிட்டும் இருக்கிறார்கள், நசாரியோவே சொன்னார். இந்த ஊரில் எவர்சில்வர் தகடு கையில் கிடைத்தால் யாரும் ஆய்வகத்துக்கு அனுப்ப மாட்டார்கள். அடுப்பில்தான் வைப்பார்கள்.

தகடு ஆறியதும் ஹெர்லிந்தா அதைத் திருப்பிப் போட்டு விரலால் தடவினார். தையல் ஓரத்திலிருந்து ஓரம்வரை முழுசாக இருந்தது. கிழிசல் அதற்கு இரண்டு விரல் கீழே, வெறும் தகட்டில், காலைத் தாங்கும் கொக்கியின் விளிம்பை ஒட்டி ஓடியிருந்தது. அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"இப்ப மீன் கொடுங்க, பசிக்குது."

வியாழக்கிழமை விசாரணைக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம் என்றார்கள், நான் போனேன். ப்ரூயிட் என்ற மேலாளரும் வெஸ்லி என்ற இளம் பொறியாளரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹெர்லிந்தா துணியில் சுற்றிய தகட்டை மேசைமேல் வைத்துப் பிரித்தார். அறை முழுக்க மீன் வாசனை.

"இது கம்பெனிச் சொத்து" என்றார் ப்ரூயிட்.

"எடுத்துக்கோங்க. ஆனா பாத்துட்டு எடுத்துக்கோங்க."

"இதை அடுப்பில வெச்சிருக்காங்க. சாட்சியமா எடுத்துக்க முடியாது, கெட்டுப்போச்சு."

"மிஸ்டர் ப்ரூயிட், இது உங்க எஞ்சின் நெருப்புல நின்னுட்டு வந்தது. நசாரியோவோட விறகு அதைக் கெடுத்துடுமா? விறகு நெருப்பு நிறத்தை மாத்தும். விட்ட தையலை ஒட்டவைக்குமா?"

வெஸ்லி ஏற்கெனவே எழுந்து தகட்டின் மேல் குனிந்திருந்தான். நல்ல பையன், மூக்கைச் சுளிக்கவில்லை.

"தையல் முழுசா இருக்கு" என்றான்.

"பார்வைக்கு முழுசா இருக்கலாம். உள்ளே குறை இருக்கலாமே" என்றார் ப்ரூயிட்.

"இருக்கலாம்" என்றார் ஹெர்லிந்தா. "அதனால இதுலருந்து மூணு பட்டை வெட்டுங்க, தையல் நடுவுல வர்ற மாதிரி. இழுவை மெஷின்ல போட்டு ரெண்டு பக்கமும் இழுங்க. தையல்ல அறுந்தா என் அட்டையை நானே இந்த மேசைல வெச்சுட்டுப் போறேன். தகட்டுல அறுந்தா அப்புறம் பேசுவோம்."

ப்ரூயிட் கடிகாரத்தைப் பார்த்தார். வெஸ்லி தகட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். அவனைத் தடுக்கக் காரணம் எதுவும் கிடைக்காமல் ப்ரூயிட்டும் பின்னால் வந்தார்.

இழுவை மெஷின் கொட்டகையில் இருந்தது. செய்தி எப்படிப் பரவியதோ, தொட்டிக்காரர்கள் பத்துப் பேரும் முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். முதல் பட்டை நீண்டது, நடுவில் மெலிந்தது, டப்பென்று அறுந்தது. தையலிலிருந்து தள்ளி, தகட்டில். இரண்டாவதும் தகட்டில். மூன்றாவதை இழுக்கும்போது ஹெர்லிந்தா தன் அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். வெளியே எவ்வளவு பேசினாலும் மூன்றில் ஒன்று தவறினால் போதும் என்று அவருக்குத் தெரியும். மெஷின் முனகியது. அறுந்தது.

தகட்டில்.

"கவாஸோஸ் வெச்ச தையலை அறுக்கணும்னா யானையைக் கூப்பிடணும்" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"யானை வேணாம். இந்தக் கொக்கி போதும், தகடு கிழிஞ்சுடும்" என்றார் ஹெர்லிந்தா. பிறகு வெஸ்லியிடம் திரும்பினார். "தம்பி, ஜனவரில நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

வெஸ்லியின் காது சிவந்தது.

"தொட்டிக்குக் கால் வைக்கறதுன்னா முதல்ல கனமான ஒட்டுத் தகடு ஒண்ணு வைக்கணும், அதுக்கு மேலதான் கால் வரணும்னு சொன்னீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எடை கூடும்னு சொன்னேன்."

"எவ்வளவு கூடும்?"

"பதினெட்டுக் கிலோ."

பதினெட்டுக் கிலோவை மிச்சப்படுத்தப்போய் ஒரு முழு ராக்கெட்டைச் சேற்றில் கொட்டியவர்களுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல? ஆனால் அந்தப் பையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ப்ரூயிட் வாயைத் திறப்பதற்குள், "வரைபடத்துல தப்பு. என்னோடது" என்றான். இந்தக் கம்பெனியில் மேலிருந்து கீழே வந்த முதல் உண்மை அதுதான்.

அன்று மாலையே வேலைக்கு வரலாம் என்றார் ப்ரூயிட். ஹெர்லிந்தா நகரவில்லை.

"பலகைல இருக்கற தாள்?"

"கிழிச்சுடச் சொல்றேன்."

"கிழிக்க வேணாம். அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு ஒட்டுங்க, அதே அளவு எழுத்துல. அதுக்கப்புறம் வரேன்."

ஒன்றரை நாள் யோசித்து ஒட்டினார்கள். சனிக்கிழமை காலை அவருக்குக் கதவு திறந்தது. ஐந்தாவது தொட்டியின் நான்கு கால்களுக்கும் கனமான ஒட்டுத் தகடு வைத்து ஹெர்லிந்தாவே வெல்டிங் வைத்தார். நான்கிலும் முப்பத்தேழு.

ஜூன் மாதம் ஒரு நடுப்பகலில் அது பறந்தது. சாலையை மூடியிருந்ததால் ஆறு மைல் தள்ளி, மீன்பிடித் துறையில் எல்லோரும் கூடியிருந்தோம். நசாரியோ அங்கேயே அடுப்பு வைத்துவிட்டார், வெற்றுக் கம்பிவலையில். தகடு போன துக்கம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு பட்டைகூடத் திரும்பி வரவில்லை.

தொட்டி ஏறியது, நகர்ந்தது, இறங்கியது, நின்றது. எல்லோரும் கத்தினார்கள். எயுலாலியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, "நான் மெழுகுவத்தி ஏத்தினேன், கொமாத்ரே. பின்ன?" என்றார். ஹெர்லிந்தா தொட்டியைப் பார்க்கவே இல்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டில் மீனும் ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன. யாரும் கை வைக்கவில்லை. ஐந்து நிமிஷம். எட்டு. பத்தில் எயுலாலியாகூட வாய் மூடிவிட்டார். பதினொன்றாவது நிமிஷத்தில் காற்று நின்ற மாதிரி இருந்தது. தூரத்தில் அந்த எவர்சில்வர் விரல் சேற்றுவெளியில் அசையாமல் நின்றது. பன்னிரண்டு. ஹெர்லிந்தா இன்னும் மூன்று நிமிஷம் சேர்த்துப் பார்த்தார். சோதனை என்றால் அப்படித்தான்.

"சரி, சாப்பிடுங்க" என்றார்.

பிறகு வண்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நசாரியோவின் மடியில் வைத்தார். கழிவுத் தகட்டில், அனுமதிச் சீட்டோடு, அவரே செய்த புது மீன்கல். லேசான வளைவு, நாலு குட்டைக் கால், ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனமான ஒட்டுத் தகடு. ஓரத்தில் முப்பத்தேழு.

நசாரியோ அதைத் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கே."

"இது எங்கயும் பறக்கப்போறதில்ல, கொம்பாத்ரே" என்றார் ஹெர்லிந்தா. "மீனைப் போடுங்க."