பத்தடி ஒழுங்கை

கனடாவின் ஸ்காபரோவில், கடைத்தொகுதி ஒன்றின் நிலக்கீழ் அறையில், போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். போரில் எங்கள் நகரசபையின் வீதி வரைபடங்கள் எல்லாம் எரிந்துபோயின. சபையின் பொறியியலாளர் நான். இங்கே குடியேறிவிட்ட ஊரவர்களின் காணி உறுதிப் பத்திரங்களை வைத்து அவற்றைத் திரும்ப வரையப் பார்க்கிறேன். காலையிலிருந்து வரிசை குறையவில்லை. வீடு, சைக்கிள், ஆடுமாடு எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்கள், உறுதியை மட்டும் விடவில்லை.

தொழிற்சாலை வேலை முடிந்து நேரே வந்த ஒரு அன்ரி தன் உறுதியை நீட்டுகிறார். அதில் வீட்டோரம் போகும் சின்னத் தெருவான ஒழுங்கையின் அகலம் பத்தடி. ஊரில் நான் அளந்தபோது ஆறடிதான் இருந்தது. ஆறடிக்குள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி போகாது. உள்ளே திரும்பிவந்த குடும்பங்கள் தெருமுனை வரை குடத்தோடு நடக்கின்றன. வேலியைப் பின்னுக்கு எடுக்க இவருடைய கையெழுத்து வேண்டும். மறுத்தால் வழக்குத்தான்.

நான் விளக்கி முடிக்கவில்லை.

"வேலியை ரெண்டடி ஒழுங்கைக்குள்ள அரக்கினது நாங்கள்தான், பிள்ளை. எங்க சைன் வைக்கிறது?"

ஊரில் இப்படிச் சொன்ன ஒருவரை நான் கண்டதில்லை.

அவருக்குப் பின்னால் நிற்பவர், அதே ஒழுங்கையின் எதிர்வீட்டுக்காரர். "இருபது வருசமா நான் சொன்னதை, கனடாவுக்கு வந்துதான் ஒப்புக்கொள்ளுறா."

அன்ரி திரும்பிப் பார்க்காமலே கையெழுத்து வைக்கிறார். "ஓம் அண்ணை. மற்ற ரெண்டடியும் தானா நடந்து போனதோ?"

வரிசை சிரிக்கிறது. அண்ணை தன் உறுதியைக் கொஞ்ச நேரம் புரட்டிக்கொண்டு நிற்கிறார். பிறகு அன்ரியின் கையிலிருந்து பேனையை வாங்குகிறார்.