வீடு மாறிப்போன குழந்தைகள்

அந்தச் சின்னச் சுகாதார நிலையத்தின் செவிலியை எல்லோரும் ஊசியக்கா என்றே கூப்பிட்டார்கள். அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் குடியேறிவிடும். அவரே நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

நிலையத்தின் சொத்து மூன்று: ஒரு குளிர்பெட்டி, தட்டினால் மட்டும் விழிக்கும் ஒரு கணினி, ஊசியக்கா. தட்டாமலே விழிப்பது கடைசியில் சொன்னது ஒன்றுதான். இந்தப் பரிவாரத்தை வைத்துக்கொண்டு தடுப்பூசிப் பதிவு விகிதத்தை உயர்த்த வேண்டும் என்று மேலிடம் கழுத்தைப் பிடித்தது. ஊரின் பின்தெருவில்தான் கணக்கு உதைத்தது. தாய் தகப்பன் இருவரும் விடியும்போதே வேலைக்குப் போகிற தெரு, பிள்ளைகளும் கூடவே. காலையில் போனால் பூட்டுதான் வரவேற்கும்.

மேலதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பர்சன்டேஜ் சார். அவர்தான் வழி சொன்னார்.

"ஏம்மா, மூணு தடவ போயும் பூட்டியிருந்தா 'வீடு மாறிட்டாங்க'ன்னு போட்டுட வேண்டியதுதானே?"

"மாறினாங்களான்னு தெரியலையே சார்."

"மாறலன்னு மட்டும் தெரியுமா?"

வீடு மாறிய குழந்தை கணக்கிலிருந்து கழியும். கழியக் கழிய விகிதம் ஏறும். ஒரு சொட்டு மருந்து செலவில்லாமல் அது சரசரவென்று ஏறியது. சாருக்குக் கைதட்டல் கிடைத்தது. ஊசியக்காவுக்குக் கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரம். மாட்ட ஆணிதான் இல்லை.

அப்புறம் ஒரு மதியம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தட்டம்மை. மூச்சுத் திணறலோடு ஒரு பெண்குழந்தை. பின்தெரு.

ஊசியக்கா கணினியைத் தட்டிப் பெயரைத் தேடினார். 'வீடு மாறிவிட்டது' என்றது திரை. அந்தத் தெருவின் மற்ற பெயர்களைத் தேடினார். எல்லாமே மாறியிருந்தன. மாற்றியது அவர் விரல்.

ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதல் முறையாகச் சாயங்காலத்தில் அங்கே போனார். வீடு மாறிப் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து பூட்டைத் திறந்தார்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் விளக்கு எரிய எரிய அவர் எண்ணிக்கொண்டே வந்தார். இத்தனை பேரா?

"யாரு, ஊசியக்காவா? இத்தன நாளா பூட்டுக்கா ஊசி போட்டுட்டிருந்தீங்க?" என்று ஒரு தாய் சிரித்தாள்.

ஊசியக்கா ஐஸ் பெட்டியைத் திறந்தார். நல்லபடியாக இருந்த குழந்தைகளுக்கு வீடு வீடாக ஊசி போட்டுக்கொண்டே போனார். கடைசி வீட்டில் ஒரு பையன் சுருண்டு கிடந்தான். "நாலு நாளா சூடு அடங்கல அக்கா" என்றாள் தாய். காது மடலை விலக்கி டார்ச் அடித்தார். சிவப்புப் புள்ளிகள் கழுத்துவரை இறங்கியிருந்தன. மூச்சு குட்டி குட்டியாக வந்தது.

போனை எடுத்தார். "சார், பின்தெருவுக்கு உடனே வண்டி வேணும்."

"அங்க யாரும்மா இருக்கா? எல்லாரும் காலி பண்ணிட்டாங்கன்னு நீங்கதானே போட்டீங்க?"

"எல்லாரும் இங்கதான் சார் இருக்காங்க. ஒருத்தர் விடாம திரும்பப் பதிஞ்சுடறேன். விகிதம் எங்க வேணா போகட்டும், வண்டிய அனுப்புங்க."

"அனுப்பறேன்" என்றது மறுமுனை.

வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டியபடி பையனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவன் கண்ணைத் திறந்து, தன் கையைப் பிடித்து நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையையே பார்த்தான்.

"அக்கா," என்றான் மெதுவாக, "உங்களுக்கு ஊசி போடப் போறாங்களா?"